பழைய எக்ஸ்5-ஐ வீட்டு வாசலில் வைத்தே பார்த்துக்கொள்ள முடியுமா?

கேள்வி இதுதான்: 2010 மாடல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5 30டி, 1,30,000 கிலோமீட்டர் ஓடியது, ஒரு புது ஹேட்ச்பேக் விலைக்கு வருகிறது. கேட்டவர் தன் பழைய சாண்ட்ரோவுக்கு ஆயில், பிரேக் எல்லாம் தானே மாற்றிப் பழகியவர். இதையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாமா, என்னென்ன டூல் வாங்க வேண்டும் என்கிறார்.

பார்த்துக்கொள்ளலாம். ஆனால் டூலுக்கு முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வண்டியின் விலை அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அதன் உதிரிபாகங்களின் விலை வரவில்லை. அது அரைக் கோடி ரூபாய் வண்டியாக இருந்தபோது என்ன விலையோ, அந்த வரிசையில்தான் இன்றும் இருக்கிறது. அதனால் நீங்களே செய்வதில் கூலி மிச்சம் என்பது சின்ன லாபம். கெட்டுப்போகாத பாகத்தை வாங்காமல் இருப்பதுதான் பெரிய லாபம். "இதை மாத்திப் பார்ப்போம் சார், சரியாகலைன்னா அதை மாத்துவோம்" என்ற வைத்தியம் சாண்ட்ரோவில் ஆயிரங்களில் முடியும். இந்த வண்டியில் அப்படி மூன்று முறை மாற்றிப் பார்த்தால் வண்டி வாங்கிய காசில் கால்வாசி போயிருக்கும்.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஸ்பேனர் செட் இல்லை, ஒரு கேபிள். இந்த எக்ஸ்5 ஈ70 என்ற தலைமுறை; 2006 முதல் 2013 வரை அமெரிக்காவின் தென் கரோலினாவில் உள்ள ஸ்பார்ட்டன்பர்க் ஆலையில் செய்தார்கள். இதற்குக் கே-டிகேன் என்ற யூஎஸ்பி கேபிளும் ஒரு பழைய லேப்டாப்பும் போதும். இன்பா, இஸ்டா ஆகிய மென்பொருள்கள் வழியாக வண்டியின் ஒவ்வொரு கம்ப்யூட்டரோடும் பேசலாம். அது தலைவலி என்றால் பிஎம்டபிள்யூவுக்கென்றே உள்ள மொபைல் ஆப் ஒன்றும் ப்ளூடூத் அடாப்டரும் வாங்கலாம். எல்லா வண்டிக்கும் பொதுவான மலிவு ஓபிடி ஸ்கேனர் மட்டும் வேண்டாம். அது இன்ஜினின் மேலோட்டமான பிழைக் குறியீடுகளைப் படிக்கும். காற்றுப் பையில் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன், முன் சக்கரங்களுக்கும் பவரைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ், ஹேண்ட்பிரேக் எதுவும் அதன் கண்ணில் படாது.

குறியீடு படிப்பது பாதி வேலைதான். ஓடும்போது வரும் அளவுகளைப் படிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. இந்த வண்டிகளில் அடிக்கடி வரும் ஒரு கேஸைச் சொல்கிறேன். டீசல் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் அடைத்துக்கொண்டது என்று எச்சரிக்கை வரும், பவர் குறையும், மைலேஜ் இறங்கும். ஒர்க்ஷாப்பில் காட்டினால் புது டிபிஎஃப் என்பார்கள், அல்லது அதை அறுத்து எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன் என்பார்கள். நீங்கள் கேபிளைச் சொருகி, கூலண்ட் வெப்பநிலையைத் திரையில் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையில் 80-இல் சீராகப் போய்ப் பாருங்கள். ஓட்டுவது வேறொருவராக இருக்கட்டும். 88 டிகிரி பக்கம் நிற்க வேண்டிய எண் 70-க்கு இறங்கி, டோல்கேட் வரிசையில் நின்றதும் மறுபடி ஏறினால், கூலண்ட் ரேடியேட்டருக்குப் போவதைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சரியாகச் சூடேறாவிட்டால் டிபிஎஃப் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையைத் தொடங்கவே தொடங்காது. கரி சேர்ந்துகொண்டே போகும். மேலே சொன்ன எச்சரிக்கை அங்கிருந்து வந்தது. நம் ஊர் வெயிலில் இன்ஜின் குளிர்ந்து கிடக்குமா என்று சிரிக்காதீர்கள். மே மாதத்திலும் அந்த எண் இறங்கும். டாஷ்போர்டோ மூச்சு விடாது.

தெர்மோஸ்டாட் மாற்றுவது வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். ஒரு முழுப் பகல் ஒதுக்குங்கள். கூலண்டை இறக்கி, ஹோஸ்களைக் கழற்றி, புதியதைப் போட்டு, பிஎம்டபிள்யூவின் நீலக் கூலண்டைக் காய்ச்சி வடித்த நீரோடு சரிபாதி கலந்து ஊற்றி, காற்று போகும்வரை விட வேண்டும். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். ரேடியேட்டருக்குள் உப்புப் படியும். முடித்த பிறகு அதே சாலையில் அதே எண்ணைப் பாருங்கள். 88-இல் நின்றால், ஒரு நல்ல நெடுஞ்சாலை ஓட்டத்தில் டிபிஎஃப் தானாகவே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள நல்ல வாய்ப்பு உண்டு.

இப்போது உங்கள் கேள்வியில் உள்ள "2010" என்ற எண்ணுக்கு வருகிறேன், அது சாதாரண எண் இல்லை. அந்த ஆண்டுதான் இந்த மாடல் முகம் மாறியது, இன்ஜினும் மாறியது. அதற்கு முன்னால் வந்தது எம்57, 235 குதிரைத்திறன், 6 கியர். பின்னால் வந்தது என்57, 245 குதிரைத்திறன், 8 கியர். ஓட்டிப் பார்த்தால் புதியதுதான் இனிமை. ஆனால் எம்57-இல் டைமிங் செயின் (வால்வுகளை இயக்கும் சங்கிலி) இன்ஜினின் முன்பக்கம் இருக்கிறது, பெரும்பாலும் தொந்தரவு தராது. என்57-இல் அதைப் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டிக் கொண்டுபோய் வைத்தார்கள். செயின் தளர்ந்தால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல் கை வைக்க முடியாது. வாசலில் வைத்துப் பராமரிப்பதாகத் திட்டம் என்றால் நான் 6 கியர் வண்டியைத்தான் எடுப்பேன். 8 கியர் வண்டி என்றால், விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லி இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் முதல் ஸ்டார்ட்டில் கேளுங்கள். இன்ஜினின் பின்பக்கத்திலிருந்து, முன் கண்ணாடிக்குக் கீழே உள்ள தடுப்பை ஒட்டி, சங்கிலி உரசுகிற சத்தம் வந்தால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே பானெட் சூடாக இருந்தாலும் அப்படித்தான், சத்தத்தை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம்.

சரி, டூல். வண்டி இரண்டு டன்னுக்கு மேல். சாண்ட்ரோவுக்கு வைத்திருந்த சின்ன ஜாக்கியை மறந்துவிடுங்கள். மூன்று டன் டிராலி ஜாக்கி, அதற்கு ஈடான ஸ்டாண்டுகள் ஒரு ஜோடி, சக்கரத்துக்குக் கட்டை. தரை சிமென்ட்டாக இருக்க வேண்டும். டைல்ஸ் போட்ட போர்ட்டிகோவில் டைல்ஸ் உடையும், மண்ணில் ஸ்டாண்ட் புதையும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டக் கூடாது. தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன். பின்பக்கம் ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டியானால் தூக்குவதற்கு முன் அதன் ஃபியூஸைக் கழற்றிவிடுங்கள். கதவைத் திறந்து மூடினாலே அது விழித்துக்கொண்டு மட்டத்தைச் சரிசெய்யப் பார்க்கும்.

அப்புறம் ஒரு டார்க் ரெஞ்ச், போல்ட்டை எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ஸ்பேனர். நம் ஊரில் பலர் இதை ஆடம்பரம் என்கிறார்கள். கை அளவே போதும் என்பது அவர்கள் வாதம். இந்த வண்டியில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் அதிகம். ஆயில் ஃபில்டர் மூடி பிளாஸ்டிக். அதற்கு 25 நியூட்டன் மீட்டர்தான். சக்கர போல்ட்டுக்கு 140. கை அளவு இவற்றுக்கு நடுவில் எங்கேயோ நிற்கும். மூடி விரிசல் விடும், இல்லாவிட்டால் அலுமினியத்தில் மரை போய்விடும். அல்லன் சாக்கெட், டார்க்ஸ் சாக்கெட் இரண்டு வரிசையும் வாங்குங்கள்; ஸ்டார் வடிவ போல்ட்டுகள் எல்லா இடத்திலும் உண்டு.

ஆயில் மாற்றுவது எளிது, சாண்ட்ரோவைவிட எளிது என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் ஃபில்டர் மேலேயே இருக்கிறது. ஏழு, ஏழரை லிட்டர் பிடிக்கும். டப்பாவில் பிஎம்டபிள்யூவின் எல்எல்-04 என்ற அங்கீகாரம் அச்சிட்டிருக்க வேண்டும். 5டபிள்யூ-30 என்று மட்டும் இருந்தால் போதாது. அந்த அங்கீகாரம் உள்ள ஆயில் எரியும்போது சாம்பல் குறைவு, டிபிஎஃப்புக்கு அதுதான் முக்கியம். ஃபில்டரோடு வரும் ஓ-ரிங்குகளையும் செம்பு வாஷரையும் சோம்பல் படாமல் மாற்றுங்கள். வண்டியே 20,000, 25,000 என்று கணக்குச் சொல்லும். அது ஜெர்மன் நெடுஞ்சாலைக் கணக்கு. அண்ணா சாலை நெரிசலுக்கு 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவதுதான் சரி என்பேன்.

கீழே படுத்திருக்கும்போதே டார்ச் அடித்து, இன்ஜினின் முன்னால் பெல்ட்டைச் சுற்றவைக்கும் கிராங்க் புல்லியைப் பாருங்கள். இரும்பு வளையங்களுக்கு நடுவே ஒரு ரப்பர் இருக்கும். அதில் வெடிப்பு தெரிந்தால் காத்திருக்காதீர்கள். அது பிய்ந்தால் பெல்ட் கிழிந்து இன்ஜினின் முன் சீலுக்குள் இழுபட்டுப் போகலாம்.

பின் பிரேக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் என்றதும் பயந்து எல்லாரும் வெளியே கொடுத்துவிடுகிறார்கள். இப்போதைய பல கார்களில் ஹேண்ட்பிரேக் மோட்டார், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் மேலேயே உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் வழியாகப் பின்னுக்கு இழுத்தால்தான் பேட் மாற்ற முடியும். ஈ70-இல் அப்படி இல்லை. மோட்டார் வேறிடத்தில் இருந்துகொண்டு கேபிளை இழுக்கிறது. அந்தக் கேபிள் டிஸ்க்கின் நடுக்குழிக்குள் இருக்கும் சின்ன டிரம் ஷூக்களை விரிக்கிறது. காலிப்பருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். காலிப்பரின் பின்னால் இரண்டு பிளாஸ்டிக் மூடி, அவற்றுக்குள் 7 மில்லிமீட்டர் அல்லன் தலை. இரண்டையும் கழற்றினால் காலிப்பர் கையோடு வரும். அதை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டுங்கள். பிஸ்டனை நிதானமாக உள்ளே தள்ளும்போது பானெட்டுக்குள் பிரேக் ஆயில் டப்பா வழிகிறதா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். வழிந்தால் பெயிண்ட் போய்விடும்.

டிஸ்க்கையும் மாற்றுவதென்றால் அதைப் பிடித்திருக்கும் ஒற்றை 6 மில்லிமீட்டர் அல்லன் ஸ்க்ரூதான் வில்லன். பல வருடத் துருவில் இறுகியிருக்கும். நேராகத் திருகினால் தலை வழுக்கிவிடும். முதலில் துருநீக்கி அடித்து ஊறவிட்டு, அல்லன் பிட்டைச் சொருகி அதன் பின்புறத்தில் சுத்தியலால் நாலு தட்டுத் தட்டி, அதன் பிறகு திருகுங்கள். டிஸ்க் வர மறுத்தால் உள்ளே டிரம் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது; சக்கர போல்ட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு உள்ளே இருக்கும் பல்சக்கரத்தைச் சுற்றித் தளர்த்த வேண்டும். பேட் தேய்மான சென்சார் பின்பக்கம் வலது சக்கரத்தில் மட்டும், முன்பக்கம் இடது சக்கரத்தில் மட்டும் இருக்கும். எச்சரிக்கை வந்த பிறகு மாற்றுகிறீர்கள் என்றால் சென்சாரும் புதிதாகத்தான் போட வேண்டும். எல்லாம் முடிந்து வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். முதல் மிதி தரை வரை போகும்.

பேட்டரி விஷயத்தில் சாண்ட்ரோ பழக்கம் உதவாது. பேட்டரி டிக்கியின் தரைக்குக் கீழே இருக்கிறது, ஏஜிஎம் வகை. புதிதாகப் போட்டதும் கம்ப்யூட்டரில் அதைப் பதிவு செய்ய வேண்டும். பேட்டரியின் வயதை வைத்துத்தான் வண்டி சார்ஜ் அளவைத் தீர்மானிக்கிறது. பதிவு செய்யாவிட்டால் கிழட்டு பேட்டரி என்று நினைத்துப் புதியதை வாட்டும். மேலே சொன்ன கேபிள் இருந்தால் ஐந்து நிமிட வேலை. நிற்கும்போதே பேட்டரி இறங்குகிறது என்றால் எந்தக் கருவி தூங்காமல் மின்சாரம் இழுக்கிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதற்கு டிக்கி திறந்திருக்க வேண்டும். ஆனால் டிக்கி திறந்திருந்தால் வண்டி தூங்காது. டிக்கிப் பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூட வைத்துவிடுங்கள், மூடியதாக நம்பி வண்டி தூங்கிவிடும். வேலை முடிந்து டிக்கியை இறக்கும் முன் பொத்தானை அழுத்திக் கொக்கியை விடுவிக்க மறக்காதீர்கள்.

டிக்கித் தரை என்றதும் தண்ணீர் ஞாபகம் வருகிறது. பெரிய கண்ணாடிக் கூரை உள்ள வண்டி என்றால் அதன் நான்கு மூலைகளிலும் மழைநீர் வடியும் குழாய்கள் உண்டு. வேப்ப மரத்தடியிலோ புங்க மரத்தடியிலோ நிறுத்திய வண்டியில் பூவும் சருகும் போய் அவற்றை அடைக்கும். பிறகு ஐப்பசி மழையில் தண்ணீர் தூண் வழியாக உள்ளே இறங்கும். பின்பக்கக் குழாய் அடைத்தால் அது தேங்குவது டிக்கித் தரைக்கு அடியில், எலக்ட்ரானிக் பெட்டிகள் இருக்கிற இடத்தில். மழைக்காலத்துக்கு முன் மெல்லிய நைலான் கம்பியை மேலிருந்து விட்டு மெதுவாகக் குத்தி எடுங்கள். கம்ப்ரசர் காற்றை வேகமாக அடிக்காதீர்கள். உள்ளே குழாயின் இணைப்பு கழன்றால் கூரைத் துணியை இறக்காமல் மாட்ட முடியாது. இந்த ஒரு வேலைக்கு உதிரிபாகமே வேண்டாம். இதைச் செய்யாததால் வரும் செலவோ மற்ற எல்லாச் செலவையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

ஏர் சஸ்பென்ஷன் காலையில் ஒருபக்கம் பின்னால் சாய்ந்து நின்றால், கம்ப்ரசரை விலை விசாரிக்கும் முன் சோப்புத் தண்ணீரை ரப்பர் பை மேல் தெளித்துப் பாருங்கள். நுரை வரும் இடம் ஓட்டை. பை ஓட்டையை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரசர் போட்டால் அதுவும் இரவு பகலாக ஓடிச் சாகும். புதுப் பை போட்ட பிறகு அதில் காற்று ஏறாமல் வண்டியின் பாரத்தை இறக்கக் கூடாது, மடிப்பிலேயே கிழிந்துவிடும்.

கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்று பிஎம்டபிள்யூ சொல்லும். அந்தக் கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் நிறுவனமோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. செய்தவன் பேச்சைக் கேளுங்கள். 6 கியர் பெட்டியின் அடித்தட்டு பிளாஸ்டிக், ஃபில்டர் அதோடு சேர்ந்தே வரும். இதை நீங்களே செய்யலாம்தான், ஆனால் வண்டி நான்கு பக்கமும் சமமாகத் தூக்கி, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆயில் 30 முதல் 50 டிகிரிக்குள் இருக்கும்போது மட்டம் பார்க்க வேண்டும். வாசலில் ஸ்டாண்ட் மேல் ஓடும் இன்ஜினுக்கு அடியில் படுப்பது எனக்குச் சம்மதமில்லை. ஆயிலையும் தட்டையும் நீங்கள் வாங்கிக்கொண்டு, லிஃப்ட் உள்ள இடத்தில் கூலி கொடுத்துச் செய்யுங்கள். அதே லிஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் மாற்றிவிடலாம், ஒரு லிட்டருக்கும் குறைவுதான். அதைக் கெடுப்பது பெரும்பாலும் டயர். தேய்ந்த டயரும் புது டயரும் கலந்து போட்டால் முன்னும் பின்னும் சுற்றளவு மாறி, உள்ளே இருக்கும் கிளட்ச் ஓயாமல் உரசிக்கொண்டே இருக்கும்.

தொடக் கூடாதவை சில. டீசல் உயரழுத்தக் குழாய்கள் 1,600 பார் அளவில் வேலை செய்கின்றன. ஓடும் இன்ஜினில் நட்டைத் தளர்த்திக் காற்று எடுக்கும் பழைய டீசல் பழக்கம் இங்கே தோலைத் துளைக்கும். ஏர்பேக் சம்பந்தப்பட்ட எதையும், ஏசி கேஸையும் அதற்கான ஆட்களிடம் விடுங்கள்.

உதிரிபாகத்துக்கு வண்டியின் சேசிஸ் எண்ணில் கடைசி ஏழு எழுத்து போதும். இணையத்தில் உள்ள பாகப் பட்டியல்களில் அதைக் கொடுத்தால் உங்கள் வண்டிக்கான சரியான எண் வரும். அந்த எண்ணை வைத்து லெம்ஃபோர்டர், மான், மாலே, ஏடிஇ, எல்ரிங் போன்ற பாகத் தயாரிப்பாளர்களின் பெயர்களில் தேடுங்கள். சென்னை புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகளில் கதவு, கண்ணாடி, ஸ்விட்ச், சீட் மோட்டார் போன்றவற்றைத் தைரியமாக வாங்கலாம். பிரேக், ரப்பர், சீல், சென்சார் ஆகியவற்றைப் பழசாக வாங்காதீர்கள்.

கடைசியாக, அந்த வண்டி டெல்லி நம்பரா என்று நீங்கள் சொல்லவில்லை. 10 வயது தாண்டிய டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. அந்தப் பயத்தில் மலிவாகக் கைமாறிய வண்டிகள் நிறைய. அப்படியானால் என்ஓசி (தடையில்லாச் சான்று), இங்கே மறுபதிவு, வரி எல்லாம் விலையோடு சேரும். 15 வருடப் பதிவுக் காலம் முடிந்துவிட்டதா, புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் ஆர்சியில் பாருங்கள். சென்னை வண்டியே என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் அது எந்தத் தெருவில் நின்றது என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் டிக்கித் தரையைத் தூக்கி, பேட்டரிக்குப் பக்கத்தில் விரலை விட்டுத் தடவுங்கள். மெல்லிய சேறு ஒட்டினால் விலை பேசவே வேண்டாம். காய்ந்து சுத்தமாக இருந்தால் கேபிளைச் சொருகி எல்லாக் கம்ப்யூட்டர்களையும் ஒரு சுற்று படித்துவிட்டு, வரும் பட்டியலை விற்பவர் முன்னாலேயே வைத்துப் பேரத்தைத் தொடங்குங்கள்.